டியர்போர்னில் முடிவு, பட்டரவாக்கத்தில் கடன்

நடுத்தரக் குடும்பங்களுக்கு எஸ்யுவி ஆசையை மூட்டிவிட்ட இரண்டு கார்கள் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்துதான் வந்தன. 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர். அடுத்த ஆண்டு ஜூனில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட். அதற்கு முன்பு அந்த வகை வண்டி என்றால் ஸ்கார்ப்பியோ, சஃபாரி. வாங்குகிறவர்கள் ஒப்பந்ததாரர்கள், அரசியல்வாதிகள், ஊர்ப் பெரிய மனிதர்கள். வங்கி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் வண்டியாக அதை மாற்றியது இந்த இரண்டும்தான்.

இன்று அந்தச் சந்தையில் கொடிகட்டிப் பறப்பது இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹுண்டாய் கிரெட்டா. அது வந்தது 2015இல்தான். 2024 பிப்ரவரிக்குள் உள்நாட்டில் மட்டும் பத்து லட்சம் கிரெட்டா விற்றாகிவிட்டது. அதற்குள் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. டஸ்டரும் 2022இல் சந்தையை விட்டுப் போய்விட்டது. கதவைத் திறந்தவர்கள் இருவர். உள்ளே போய் நாற்காலியைப் பிடித்தவர் மூன்றாமவர்.

மூன்று ஆலைகளும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. துறைமுகங்கள் அதேதான், மின்சாரம் அதேதான், ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளும் அதே கிராமத்துப் பிள்ளைகள். ஓர் ஆலை மூடினால் தொலைக்காட்சி விவாதங்களில் உடனே அடிபடும் காரணங்கள் (தொழிலாளர் பிரச்சினை, வரி, அரசாங்கம்) எதுவும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. மிஞ்சுவது ஒன்றுதான்: இந்த ஊருக்கு எந்த வண்டியைச் செய்வது, அதை எப்போது மாற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் யார், அவர்களுக்கு இந்த ஊர் எவ்வளவு முக்கியம்?

சென்னை இதை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1985இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடலை எடுத்து, அதற்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினைத் திருத்திவைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றது. பார்க்க ராஜகம்பீரம், ஓட்டினால் மந்தம், பெட்ரோலோ தண்ணீராய் இறங்கியது. மாருதி 800 வந்து இரண்டு வருடமாகியிருந்த நேரம் அது. 1988இல் உற்பத்தி நின்றது. ஹெரால்டையும் கெஸலையும் கொடுத்த நிறுவனத்தின் கார் கதை அத்தோடு முடிந்தது.

ஹுண்டாய் 1996இல் இங்கே கம்பெனி தொடங்கியபோது அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே பலருக்குத் தெரியாது. 1998 செப்டம்பரில் வந்த சான்ட்ரோ, கொரியாவில் ஏடாஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. அந்தத் தோற்றம் இங்கே எடுபடாது என்று தெரிந்து வடிவத்தைத் திருத்தினார்கள். உயரமான கூரையை மட்டும் விட்டுவைத்தார்கள். புடவை கட்டிய பாட்டியும் முழங்கால் வலிக்காரரும் அதிகம் குனியாமல் ஏறி இறங்க அது தோதாக இருந்தது. மாருதியின் சின்ன கார்கள் கார்புரேட்டரோடு ஓடிய காலத்தில் இதில் மல்டிபாயின்ட் ஃபியூயல் இன்ஜெக்ஷன். விளம்பரத்துக்கு ஷாருக் கான். சீக்கிரமே மாருதிக்கு அடுத்த இடம் கிடைத்தது.

சான்ட்ரோவைவிடக் கவனிக்கவேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது. 2007இல் ஐ10, 2008இல் ஐ20, 2011இல் இயான், 2013இல் கிராண்ட் ஐ10 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஐ10 உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் அறிமுகமானது. 2014இல் பழைய சான்ட்ரோவை நிறுத்தினார்கள். 2018இல் அதே பெயரில் புதிய வண்டியை இறக்கிப்பார்த்தார்கள். வாங்குகிறவர்கள் எஸ்யுவி பக்கம் போய்விட்டது தெரிந்ததும் 2022இல் அதையும் கைகழுவினார்கள். பெயர்மீது பாசம் வைக்கவில்லை. சில தவறான வண்டிகளும் வந்தன, போயின. அடுத்தது தயாராக இருந்ததால் எந்தத் தவறும் ஆளைக் கவிழ்க்கவில்லை.

ஃபோர்டின் கதை இதற்கு நேர் எதிர் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஃபோர்டுக்கும் வண்டி செய்யத் தெரியும். மஹிந்திராவோடு கூட்டாக 1996இல் இறக்கிய எஸ்கார்ட், ஐரோப்பாவில் ஓய்வுபெறப்போகும் மாடல். இங்கே பெரிதாக ஓடவில்லை. பாடம் கற்றுக்கொண்டு 1999இல் ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியாவை மனத்தில் வைத்து உருவாக்கிய ஐகான் ஓடியது. ‘ஜோஷ் மெஷின்’ விளம்பரம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். 2004இல் ஐரோப்பிய அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஃப்யூஷன் விழுந்தது. 2010இல் குறைந்த விலைக்கென்றே திட்டமிட்ட ஃபிகோ எழுந்தது. 2011இல் எட்டு லட்சத்தைத் தாண்டிய ஆரம்ப விலையோடு வந்த புதிய ஃபியஸ்டா விழுந்தது. இந்த ஊருக்காக யோசித்தபோதெல்லாம் விற்றது, வெளியூர் சரக்கை அப்படியே இறக்கியபோதெல்லாம் நின்றது. இவ்வளவு தெளிவான பரிசோதனை முடிவு எந்த நிர்வாகக் கல்லூரிக்கும் கிடைக்காது.

எக்கோஸ்போர்ட் அதில் உச்சம். அதன் பூர்வீகம் பிரேசில். முதல் எக்கோஸ்போர்ட் அங்கே 2003இல் பிறந்தது. இரண்டாம் தலைமுறையை 2012 ஜனவரியில் டெல்லி கார் கண்காட்சியில் காட்டினார்கள். இந்தியாவுக்கு வந்தபோது அதன் நீளம் 3,999 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கார் வகை இதிலிருந்து முளைத்தது. டாடா இண்டிகோவின் பின்பக்கத்தை நறுக்கியது. மாருதி டிசையரை நறுக்கியது. மஹிந்திராவோடு சேர்ந்து ரெனோ 2007இல் கொண்டுவந்த லோகன் நான்கு மீட்டருக்கு மேல் நீண்டதால் வரிச்சலுகை இழந்து தடுமாறியது. அந்த அளவுகோலுக்குள் ஒரு எஸ்யுவியையே அடைத்து, டீசல் இன்ஜினை 1,500 சிசிக்குள் வைத்து, 5.59 லட்சத்தில் ஆரம்பித்து விற்றது ஃபோர்டு. அந்தக் கணக்குப் போட்ட பொறியாளர்களுக்கு ஒரு சபாஷ் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு ஃபோர்டு தூங்கிவிட்டது.

2016இல் மாருதி பிரெஸ்ஸா வந்தது. 2017இல் டாடா நெக்ஸான். 2019இல் ஹுண்டாய் வென்யூ. எக்கோஸ்போர்ட்டுக்கு முகப்பூச்சு மட்டும் கிடைத்தது, புதிய தலைமுறை கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, எக்கோஸ்போர்ட்டுக்கும் ஃபோர்டின் பெரிய எஸ்யுவியான எண்டெவருக்கும் நடுவில் இருந்தது. கிரெட்டா உட்கார்ந்த இடம் அதுதான். அந்த இடத்தில் நிறுத்த ஃபோர்டிடம் ஒரு வண்டிகூட இல்லை. மஹிந்திராவோடு சேர்ந்து அதை நிரப்புவதாக 2019 அக்டோபரில் கூட்டு அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதுவும் கலைந்தது. 2021 செப்டம்பர் 9இல் மூடல் அறிவிப்பு. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு என்று கம்பெனியே சொன்னது.

வேலைத்தரத்தில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஆனால் ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் டியர்போர்னிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. அமெரிக்காவில் ஃபோர்டுக்குச் சோறு போடுவது எஃப் வரிசை பிக்கப் லாரிகள். 2018இல் அந்த நாட்டிலேயே செடான் கார்களைக் கைவிடப்போவதாக அறிவித்த கம்பெனி அது. இந்தியாவுக்கென ஒரு புதிய எஸ்யுவிக்குப் பணம் கேட்டு மறைமலைநகரிலிருந்து போகும் கோப்பு, அங்கே எத்தனையாவது கோப்பாக அடுக்கப்பட்டிருக்கும்? ஹுண்டாயின் வடிவமைப்பும் சென்னையில் நடக்கவில்லை. கொரியாவின் நம்யாங்கில்தான் நடக்கிறது. ஆனால் இந்தியா கைவிட்டுப்போனால் சியோலில் தூக்கம் கெடும். டியர்போர்னில் கெடவில்லை.

டஸ்டருக்கும் இதே கதி. ஐரோப்பாவில் 2017இலேயே இரண்டாம் தலைமுறை வந்துவிட்டது. ஒரகடத்தில் முதல் தலைமுறையையே 2022வரை ஓட்டினார்கள்.

இந்த முடிவுகளின் சூடு தெரிய வேண்டுமென்றால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வர வேண்டும். 1960களில் அரசு உருவாக்கிய தொழிற்பேட்டை இது. பக்கத்தில் பாடியில் லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று பெரிய பெயர்கள். எஸ்டேட்டுக்குள்ளும் பட்டரவாக்கம், அத்திப்பட்டு பக்கமும் அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள். ஒரு பிரஸ் ஷாப்புக்குள் போனால் தரை அதிர்வது செருப்பு வழியாகவே தெரியும். காயிலிலிருந்து தகடு உள்ளே போக, டை (அச்சு) விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு பிராக்கெட் தட்டில் வந்து விழும். மேஜைக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதில் பர் (ஓரப் பிசிறு) எடுத்து, கேஜில் பொருத்திப்பார்த்து, ஓகே ஆனதை நீலத் தட்டிலும் தேறாததைச் சிவப்புத் தட்டிலும் போடுவார்கள். நீலத் தட்டு டெம்போவில் ஏறி, மதுரவாயல், பூந்தமல்லி வழியாகப் போய், பெரிய சப்ளையரின் வாசலில் சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும்.

இந்தத் தொழிலில் உயிர்நாடி டைதான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரு புது மாடலின் ஒரு பிராக்கெட்டுக்கு டை செய்ய 12 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய சப்ளையர் அதை ரொக்கமாகத் தருவதில்லை. மூன்று லட்சம் பீஸ் எடுப்போம், பீஸுக்கு நாலு ரூபாய் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். பட்டறைக்காரர் வங்கியில் கடன் வாங்கி டை செய்கிறார். கையில் இருப்பது ஓப்பன் பிஓ (பர்சேஸ் ஆர்டர்). அதில் விலை இருக்கும், எண்ணிக்கை இருக்காது. எண்ணிக்கை மாதாமாதம் ஷெட்யூலில் வரும். வண்டி ஓடினால் இரண்டு வருடத்தில் டை கழிந்துவிடும், அதற்குமேல் லாபம். வண்டி படுத்தால், ஒரு லட்சம் பீஸோடு ஷெட்யூல் நின்றுபோகும். எட்டு லட்சம் தொங்கும். கேட்டால் பெரிய சப்ளையர், கார் கம்பெனி எடுக்கவில்லை என்பார். கார் கம்பெனி, சந்தை எடுக்கவில்லை என்னும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வண்டி நின்றாலும் டையைக் காயலான் கடைக்குப் போட முடியாது. அது வாடிக்கையாளரின் சொத்து. விற்ற வண்டிகளுக்கு ஸ்பேர்ஸ் கொடுத்தாக வேண்டுமென்பதால் வருடத்துக்குச் சில நூறு பீஸ் கேட்டு மெயில் வரும். அந்தச் சில நூறுக்காக டையைக் கிரீஸ் தடவி ரேக்கில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். எஸ்டேட்டில் சதுர அடி வாடகை என்ன என்பது மெயில் அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஹுண்டாயின் வெற்றியிலும் அம்பத்தூருக்கு முழுப்பங்கு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோபிஸ், மாண்டோ, ஹ்வாஷின் என்று தன் நாட்டு உதிரிபாகக் கம்பெனிகளையும் அது இங்கே கூட்டிவந்தது. நேரடி சப்ளையராக இருக்க நினைத்த பல உள்ளூர்க்காரர்கள் ஒரு படி கீழே, அந்தக் கொரிய கம்பெனிகளுக்குச் சப்ளையராக அமர்ந்தார்கள். லாபவிகிதம் மெலிவு. ஆனால் ஷெட்யூல் நிற்கவில்லை. மெலிந்த லாபத்தில் 25 வருடம் ஓடுவதா, கொழுத்த விலையில் மூன்று வருடம் ஓடி நிற்பதா என்று கேட்டால் எஸ்டேட்டில் பெரும்பாலானோர் முன்னதைத்தான் சொல்வார்கள்.

‘இந்த ஊருக்கேற்ற வண்டி’ என்ற உத்திக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. ரெனோவின் க்விட் 2015 செப்டம்பரில் 2.57 லட்சத்துக்கு வந்தது. ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சென்னையிலேயே தங்கி உருவாக்கிய வண்டி. கிட்டத்தட்ட எல்லாப் பாகங்களும் உள்நாட்டுத் தயாரிப்பு. அம்பத்தூர், ஓசூர் பட்டறைகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் 2016 மே மாதம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது. அடுத்த ஆண்டு அதே க்விட்டை பிரேசிலில் விற்றபோது உடலை வலுப்படுத்தி நான்கு ஏர்பேக் கொடுத்தார்கள். இந்தியருக்குப் பாதுகாப்பு பெரிதாகத் தேவைப்படாது என்று ஒரு மேஜையில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கி, அதையே விளம்பரமாக்கி விற்றுக்காட்டியதும் அந்த மேஜையின் ஊகம் பொய்த்தது.

ஆவடியைத் தாண்டி திருவள்ளூர்ப் பக்கம் போனால் இதே தவறின் சின்னப் பதிப்பு ஒன்று நிற்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒருகாலத்தில் மிட்சுபிஷி லான்சரைச் செய்த ஆலை அது. 1998இல் வந்தபோது ஓட்டுவதற்கு அருமையான கார். உலகில் லான்சர் தலைமுறை மாறிய பிறகும் இங்கே பழையதே ஓடியது, பிறகு மெல்ல மறைந்தது. 2017இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் சி.கே.பிர்லா குழுமம், சிட்ரோயனின் தாய்நிறுவனமான பிரான்ஸின் பிஎஸ்ஏவோடு கைகோர்த்தது. அதே ஆலையிலிருந்து 2022 ஜூலையில் சிட்ரோயன் சி3 வந்தது. விலை அப்போது 5.70 லட்சத்தில் ஆரம்பம், இருக்கை சொகுசு, சஸ்பென்ஷன் பிரமாதம். ஆனால் வந்தபோது சைடு மிர்ரரைக் கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டியிருந்தது. பின் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியரும் இருக்கவில்லை. மலிவான வண்டி வேண்டுமென்று இந்தியர் கேட்பதாக நினைத்துவிட்டார்கள். இந்தியர் கேட்பது குறைந்த விலையில் எல்லாம் இருக்கும் வண்டி. இந்த வேறுபாடு மவுண்ட் ரோடு ஷோரூமில் அரை நாள் நின்றால் தெரிந்துவிடும். சிட்ரோயன் இப்போது சேர்ந்திருக்கும் ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் பிரேசிலில் ஃபியட் ஸ்ட்ராடா என்ற சின்ன பிக்கப்பை வைத்து முதலிடத்தில் இருக்கிறது. அங்கே அந்த ஊரின் நாடி பிடித்திருக்கிறார்கள். இங்கே இன்னும் இல்லை.

ஒரு கம்பெனி ஓரிடத்தில் கெட்டிக்காரனாக இருப்பதால் எல்லா இடத்திலும் அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கிரெட்டாவால் இந்தியாவிலும், பிரேசிலுக்கென்றே செய்த எச்பி20யால் அங்கேயும் வென்ற ஹுண்டாய், சீனாவில் 2016இல் 11 லட்சம் கார்களுக்குமேல் விற்றுவிட்டு, சில ஆண்டுகளில் அதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கொரியா ஏற்றுக்கொண்ட ஏவுகணைத் தடுப்பு அமைப்புமீது சீனாவில் கிளம்பிய அரசியல் கோபம் ஒரு காரணம். உள்ளூர் கம்பெனிகள் மலிவான எஸ்யுவிகளையும் பிறகு மின்சாரக் கார்களையும் குவித்தபோது சரியான வண்டி கைவசம் இல்லாதது இன்னொரு காரணம். பெய்ஜிங்கில் தன் முதல் ஆலையையே விற்கவேண்டியதாயிற்று. இந்தியாவில் அசைக்க முடியாத சுஸுகி, பெரிய கார்கள் கேட்ட அமெரிக்கச் சந்தையைவிட்டு 2012இலும் சீனாவைவிட்டு 2018இலும் வெளியேறியது. சின்ன கார் மட்டுமே தெரிந்தது அங்கே பலவீனம், இங்கே பலம். இருங்காட்டுக்கோட்டையில் இன்று இருக்கும் தெம்பும் நிரந்தரமல்ல. மின்சாரக் கார்களில் டாடாவும் மஹிந்திராவும் முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றன.

விதிமுறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். டையோ அடுத்த பட்ஜெட்வரைதான் தாங்கும் என்று யாரும் கடன் வாங்குவதில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஃபோர்டு திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 31இல் தமிழக அரசோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் புதிய தலைமுறை இன்ஜின்கள்; உற்பத்தி 2029இல். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த முறை வருவது கார் அல்ல, இன்ஜின். அது எந்த நாட்டில் எந்த வண்டியில் ஏறும் என்பதை வைத்துத்தான் இங்கே ஷெட்யூல் வரும். உலகம் மின்சாரத்துக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது அந்தக் கணக்கில் ஒரு பெரிய கேள்விக்குறி.

தொழில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நமது செய்திக்குறிப்புகளில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும்: எத்தனை கோடி, எத்தனை வேலை. எந்தப் பொருள், எத்தனை ஆண்டுக்கு, அதை மாற்றும் பொறியியல் வேலையில் எவ்வளவு இங்கே நடக்கும் என்பது இருக்காது. எந்தக் காரைச் செய்ய வேண்டும் என்று அரசு கட்டளையிட முடியாது, இடவும் கூடாது. ஆனால் நிலமும் வரித்தள்ளுபடியும் மானியமும் கொடுக்கிற கை, சில நிபந்தனைகளைக் கேட்கலாம். சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வராமலே போன ஆர்டருக்காகச் செய்துவைத்த டைக்கு அதில் வழியில்லை. மாடலை நிறுத்துகிற கம்பெனி, கழியாத டூலிங் செலவைக் கடைசி அடுக்குப் பட்டறைவரை தீர்த்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்று ஊக்கத்தொகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

2029இல் இன்ஜின் வெளிவர வேண்டுமானால் வார்ப்பு, மெஷினிங், பிரஸ் வேலைகளுக்கு விலைப்புள்ளி கேட்டு அதற்கு ஓரிரு ஆண்டு முன்பே அம்பத்தூருக்கு மெயில் வர ஆரம்பித்துவிடும். ஆண்டுக்கு எத்தனை இன்ஜின், எடுக்காவிட்டால் டைக்கான பாக்கியை யார் தருவார்கள் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்க்கச்சொல்லிக் கேட்கும் தெம்பு, நாலு பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்காரருக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அரசின் தொழில்துறைக்கு உண்டு. மானியத்தின் முதல் தவணை கைமாறும் வரைதான் அந்தத் தெம்பும்.